ஏழு இருபது முதல் ஏழு நாற்பது வரை

முதல் சந்திப்பில் நான் நிறம் கேட்பதில்லை.
சாவியை எங்கே வீசுவீர்கள் என்று கேட்பேன்.
கோபம் வந்தால் எந்த அறைக்கதவு,
மழை வந்தால் முதலில் எந்தச் சன்னல்,
இருட்டில் கை தானாகப் போகும் சுவிட்சு எது.
பகாவ் சனங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.
சோபா விலை விசாரிக்க வந்தவர்கள், பாவம்.

யோகமலர் கைப்பேசியை நீட்டினாள்.
வெள்ளைச் சமையலறை, நடுவில் சலவைக்கல் மேடை,
மேலே மூன்று கண்ணாடி விளக்கு,
ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சை.
"இதே மாதிரி வேணும், மிஸ்."
எலுமிச்சையை யார் சாப்பிடுவது என்றேன்.
சிரித்தாள். கையுறை ஆலையின் மாவு
அவள் நகக்கண்ணில் இன்னும் வெளுத்திருந்தது.

தாமான் மெலோர், கடைசி வரிசை, மூலை வீடு.
கடன் முப்பது வருடம்.
பின்வேலி தாண்டினால் செம்பனைதான்.
காற்று திரும்பும்போது எண்ணெய் ஆலையின் வாடை
ஊறிப்போன பழமாய் உள்ளே வரும்.
அதற்கு என்னிடம் திரைச்சீலை இல்லை,
முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சுவர்களை அளக்க அரை மணி நேரம்.
மீதி மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
கூடத்து சோபாவில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை.
சாப்பாட்டு மேசையில் மடிக்காத துணி மலை.
கட்டிலில் ஒரே ஒரு பள்ளம்:
பகலில் அவள் தூங்குகிறாள், இரவில் அவன்.
குணாளன் குலை லோரி ஓட்டுகிறான்.
ஓய்வு அவளுக்குப் புதன், அவனுக்கு ஞாயிறு.
ஆலை பஸ் அவளை இறக்கிவிடுவது ஏழு இருபது.
அவன் எஞ்சினை முடுக்குவது ஏழு நாற்பது.
நடுவில்
பின்கதவருகே, வாஷிங் மெஷின் மூடியின்மேல்
இரண்டு கோப்பி ஓ.

அந்த மூடி அவனுக்குத் தாழ்வு.
குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான்.
அவளுக்கு உயரம்.
முழங்கையைத் தூக்கி வைத்துத் தூங்கி விழுகிறாள்.
இதை இருவரும் என்னிடம் சொல்லவில்லை.
அவர்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வரைபடத்தில் எலுமிச்சை மேடையை அடித்தேன்.
பின்கதவை ஒட்டி மெர்பாவ் பலகை ஒன்று,
அவள் பக்கம் தொண்ணூறு சென்டிமீட்டர்,
அவன் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு,
எதிரே, நிறுத்திய லோரி தெரிகிற மாதிரி
சின்னச் சன்னல்.

ஆ லியோங் தோட்டத்தில் பிறந்தவர்,
என்னைவிட நல்ல தமிழ்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒரு பலகைக்கு எதுக்கு ரெண்டு உயரம்?"
"ரெண்டு ஆள், பாஸ்."
நீர்மட்டத்தை வைத்து, தலையில் அடித்துக்கொண்டு, அறுத்தார்.

யோகமலருக்கு வருத்தம்தான்.
நாத்தனார் வந்தால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?
மூன்று கண்ணாடி விளக்கில் ஒன்றை
அவளுக்காகப் பலகைக்கு மேலே தொங்கவிட்டேன்.
விட்டுக்கொடுப்பதற்கும் சேர்த்துத்தான் என் கூலி.

ஐந்து மாதம் கழித்துப் போன்.
"மிஸ், என்னைப் பகல் ஷிப்டுக்கு மாத்திட்டாங்க."
நல்லதுதானே என்றேன்.
"நல்லதுதான்."
அவள் பக்கம் மழை கொட்டுகிற சத்தம்.
என் பக்கம் இன்னும் வரவில்லை.
"ராத்திரி ரெண்டு பேரும் வீட்ல இருக்கோம், மிஸ்.
எங்க உட்கார்றதுன்னு தெரியல.
கட்டில்ல யாரு எந்தப் பக்கம்னுகூட…"
பின்னாலிருந்து குணாளன்:
"வெளக்கு நல்லாருக்குன்னு சொல்லு."

சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்,
வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.
"இப்பதான். அந்தப் பலகையில. நின்னுக்கிட்டே."

அப்போதுதான் முதல் சொட்டு என் தகரக்கூரையில் விழுந்தது.
"முதல்ல அந்தச் சோபா உறையைப் பிரிங்க" என்றேன்.
"நாளைக்கு வர்றேன்.
இருட்டினதுக்கு அப்புறம்."